மண்ணே இல்லாத மணத்தக்காளி

அதத்தான சார் நானும் சொல்றேன், இதுல மண்ணு எங்க இருக்கு? நல்லாக் குனிஞ்சு பாருங்க. பால்கனியில மண்தொட்டி வெக்கக் கூடாதுன்னு லிஃப்ட்டுக்குப் பக்கத்துல நோட்டீஸ் ஒட்டுனதே நீங்கதான? செக்ரட்டரி பேச்ச இந்த அமல்ராஜ் மீறுவானா? மண்ண விட்டுட்டேன், செடிய விடல. அவ்ளோதான்.

சிரிச்சிட்டீங்க பாருங்க. உக்காருங்க மகாதேவன் சார். காபி குடுக்கலன்னு தப்பா நெனச்சுக்காதீங்க, இப்பல்லாம் எங்க வீட்ல காபி வாசனையே ஆக மாட்டேங்குது. மோர் குடிங்க.

ஞாயித்துக்கெழமைக்குள்ள எல்லாத்தையும் கழட்டணும்னு கமிட்டி முடிவு, தெரியும் சார். ஆனா எதக் கழட்டச் சொல்றோம்னு நீங்க தெரிஞ்சுக்க வேணாமா? ஹிஞ்சவடி ஐ.டி. கம்பெனியில நாள் பூரா அடுத்தவன் புரோகிராம்ல தப்புக் கண்டுபிடிக்கிறதுதான் எனக்குப் பொழப்பு. இது ஒண்ணுதான் நானே செஞ்சது. ஆர்க்குட்ல ஒருத்தர் போட்ட போட்டோவப் பாத்துட்டு ஆரம்பிச்சேன்.

இது சாதா பிளம்பிங் பைப்பு. ஓட்ட போட்டு கப்பு சொருகியிருக்கேன். கப்புக்குள்ள இருக்கறது தேங்கா நாரு. அது சோறு போடாது, செடி சாயாமப் புடிச்சுக்கும். சாப்பாடெல்லாம் தண்ணியில. ஏர்கூலர் மோட்டார் தண்ணிய மேல ஏத்துது, அது வேர நனச்சிட்டுத் திரும்பவும் டப்பாவுக்கே வந்துருது. வீணாகுதாவா? ஐயோ சார், நம்ம வாகட் ஏரியாவுல டேங்கர் தண்ணிக்கு நாம அடிச்சிக்கிற அடிக்கு நான் வீணாக்குவேனா? தொட்டிச் செடிக்கு ஊத்துறதுல கால்வாசி கூட ஆகாது.

அந்த ரெண்டு பாட்டிலா? அது உரக் கரைசல். தொடாதீங்க, தொடாதீங்க! ஒண்ணுல சுண்ணாம்புச் சத்து, இன்னொண்ணுல மத்ததெல்லாம். ரெண்டையும் அப்படியே கலந்தா எலுமிச்சம்பழம் பிழிஞ்ச பாலு கணக்கா திரிஞ்சிரும், செடிக்கு ஒண்ணும் போய்ச் சேராது. ஒண்ண நெறையத் தண்ணியில கரைச்சப்பறம்தான் அடுத்தத ஊத்தணும். மாமியாரையும் மருமகளையும் மாதிரி, நடுவுல கொஞ்சம் எடம் விட்டா ரெண்டும் தங்கம்.

இந்த எலையப் பாருங்க. அடி எல மஞ்சளாச்சுன்னா தழைச்சத்து பத்தலன்னு அர்த்தம். கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்து பத்தல. இந்த வீட்ல இரும்பு பத்தாம வெளுத்துப் போனது இது மட்டும் இல்ல. சரி, அது கெடக்கட்டும்.

நாத்தம்னு வந்த புகாருக்கு வான்னு சொல்றீங்களா? வரேன் சார். கீழ் வீட்டுப் பெரியம்மா, நம்ம குல்கர்ணி காக்கு, மூக்கப் புடிச்சிக்கிட்டு மாடியேறி வந்தாங்களே, அது நெசம்தான். நான் மறைக்கல. எங்க மாமியார் மரியம்மாள் திருச்சியிலேருந்து திடீர்னு கெளம்பி வந்திருந்தாங்க. ஒரு வாரமா அரிசி கழுவின தண்ணியப் பூரா அந்த டப்பாவுலயே ஊத்தியிருக்காங்க! பாவம், பச்சத் தண்ணியக் குடிச்சிட்டு நிக்குதே, செடிக்குப் பசிக்காதான்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்ல? உங்க வீட்ல துளசிக்கு மட்டும் வேறென்ன ஊத்துறாங்க? ஆங், அதேதான! மண்ணா இருந்தா குடிச்சிட்டு வாய மூடிக்கும். இது ஓடற தண்ணி, புளிச்சு நொரச்சு, வேரெல்லாம் கொழகொழன்னு அழுகிப் போச்சு. மோட்டார் வேற அத நாள் பூரா கடைஞ்சு விட்டுச்சு. ஊரே நாறாம என்ன செய்யும்?

இப்ப மோந்து பாருங்க. பைப்பெல்லாம் கழுவிட்டேன். தப்பிச்ச கொம்பு நாலஞ்ச ஒடிச்சு நட்டேன், தழைஞ்சு வந்துருச்சு. காக்குவுக்கும் ஒரு கட்டு குடுத்தேன். கசக்குதுன்னாங்க, ஆனா கட்டத் திருப்பித் தரல.

அதக் கேப்பீங்கன்னு தெரியும் சார். பாலக்கு, மேத்தின்னு மார்க்கெட் பூராக் கீரை கெடக்குதே, எதுக்கு இந்தப் பாடுன்னுதான? மணத்தக்காளி கெடைக்குமா இந்த மராட்டி ஊர்ல? கட்கியில பழைய தமிழ்க்காரங்க கடையெல்லாம் அலசிட்டேன், போசரி வரைக்கும் பைக்க ஓட்டிட்டேன். சொன்னா வெத குடுக்கறான், எல குடுக்க மாட்டேங்கறான்.

என் வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்கு இப்ப சோத்தப் பாத்தாலே குமட்டுது. எத வெச்சாலும் ஓடிப் போயி வாந்தி. இந்தக் கீரைய மசிச்சு ரெண்டு வாய் குடுத்தா மட்டும் உள்ள நிக்குது. ஏன்னு டாக்டரம்மாவுக்கே புரியல. வயித்துல இருக்கறது திருச்சிக்காரன் போலன்னு சிரிக்கிறாங்க.

ஆமா சார். கல்யாணமாகி ஒம்போது வருஷம் கழிச்சு.

இந்த சந்தோஷத்த யார்கிட்டயும் சொல்ல முடியல சார். அதான் வந்ததுலேருந்து பைப்பு, மோட்டார்னு ஒளறிக்கிட்டே இருக்கேன்.

அட, எந்திரிச்சுட்டீங்க? கை குலுக்கவா? இருங்க, ஈரத்தத் தொடச்சிட்டுக் கையக் குடுக்கறேன். கமிட்டியில நீங்களே பேசிக்கிறீங்களா? நல்லா இருப்பீங்க சார்! ஆனா காரணத்த மட்டும் சொல்லிடாதீங்க. மூணு மாசம் முடியாம வெளிய மூச்சு விட்டேன்னா அவ்ளோதான்னு மாமியார் வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காங்க. நீங்க வேற எதாவது சொல்லிச் சமாளிங்க. மண்ணு இல்லன்னு சொல்லுங்களேன், நோட்டீஸ் உங்களோடதுதான.