மாப்ள ஊர விசாரிச்சேன்

அட, துண்ட ஒதறிக்கிட்டு எந்திரிக்காதீக மச்சான், ஒக்காருங்க. முழுசாக் கேளுங்க. ஆமா, வெள்ளக்காரன்தான். ஜெர்மனி. எம் பொண்ணு அன்னக்கொடி வேல பாக்குற மில்லுக்கு மிசினு மாட்ட வந்தவன். கட்டுனா அவனத்தான் கட்டுவேங்குது. ஒங்களுக்கு ஒரு ஆம்பளப் பிள்ள இருந்திருந்தா இந்த வம்பே இல்ல, மொறைக்குக் கட்டிக் குடுத்துட்டுக் கால நீட்டிப் படுத்திருப்பேன். நீங்க என்னடான்னா வரிசையா நாலும் பொண்ணாப் பெத்து வச்சிருக்கீக.

நானும் சும்மா விடல மச்சான். பொண்ணு குடுக்குறவன் ஊர விசாரிக்க வேணாமா? மதுரயில நம்ம கே.கே. நகர் வீட்டுக்கு வரச்சொல்லி, பெரிய ஜட்ஜு கணக்கா கால் மேல கால் போட்டுக்கிட்டு, ஒன் ஊரு எது, பூர்வீகம் என்னன்னேன். மெரண்டு ஓடிருவான்னு நெனப்பு. அவன் எண்ணூறு வருசத்துக்கு முந்தியிருந்து ஆரம்பிச்சுட்டான்! கொஞ்சம் தமிழு பேசுறான், மிச்சத்த அன்னக்கொடி சொல்லுச்சு. ஒங்க தங்கச்சி பணியாரமா சுட்டுத் தள்ளுறா. சோறு ஆறிப்போச்சு, அவன் முப்பாட்டன் இன்னும் பொறக்கல. கடைசியில கால் மரத்துப்போய் நாந்தான் நொண்டிக்கிட்டு எந்திரிச்சேன்.

ஊரு பேரு ஓபர் என்னமோ பாக்கு. ஓபர்னா மேலயாம். நம்ம மேலூரு மாதிரின்னு வச்சுக்கங்க. உள்ளதச் சொல்லிர்றேன், மோசமான ஊரு மச்சான். காட்ட வெட்டி மொதமொதல்ல குடியேறுனவுகளே பன்னி மேச்சவுகதானாம். என்ன? நம்ம பாட்டன் மட்டும் பல்லக்குலயா போனான்னா? அதுஞ் சரிதான்.

அப்பறம் முப்பது வருசம் ஓயாத சண்டை. சுவீடன்காரன் படை வந்து மாட்டப் பத்திட்டு ஊரக் கொளுத்திட்டுப் போயிருச்சு. பின்னாடியே கொள்ள நோவு. மிஞ்சுனது ஏழு வீடு. இப்ப இருக்குற அம்புட்டுப் பேரும் அந்த ஏழு வீட்டு வாரிசு, எல்லாம் பங்காளி. உள்ளூர்ல பொண்ணெடுக்க முடியாது, அதான் தேடித் தேடி மதுர வரைக்கும் வந்துட்டான் போல. சிரிக்காதீக மச்சான், நான் வெசனத்துல பேசுறேன்.

இதக் கேளுங்க. அந்தப் படைக்குப் பயந்து சர்ச்சு மணியக் கெணத்துல போட்டு வச்சிருக்காக. சண்ட முடிஞ்சு தூக்கையில பக்கத்துக் கீழூர்க்காரனும் வந்து கயித்தப் புடிச்சானாம். அன்னையிலருந்து மணி எனக்கு, ஒனக்குன்னு முந்நூறு வருசமா அடிதடி. ரெண்டு ஊருக்கும் கொள்வென குடுப்பென கெடையாது. கடைசிப் பெரிய சண்டையில கவர்மெண்டே மணியக் கழட்டிப் பீரங்கிக்கு உருக்கிருச்சு. மணி போச்சு, பகை போகல. இப்பிடிப்பட்ட ஊருக்கா நம்ம புள்ளயக் குடுக்குறது? என்னது, நம்ம கோயிலா? ஆமா, முதல் மரியாதச் சண்டையில பூட்டித்தான் கெடக்கு. மொதக் கல்லு எறிஞ்சது நீங்கதானே. சரி விடுங்க.

குளிரு வேற. ஆறு மாசத்துக்கு வெயில் மொகமே பாக்க முடியாதாம். நாலு எட்டு நடக்க கம்பளிக்குள்ள பூந்துக்கிட்டுப் போகணும். போனா ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் வருமாம் நம்ம புள்ள. ரெண்டு வருசம் மச்சான்.

அன்னக்கொடி ஒண்ணு சொல்லிருச்சு. தாய்மாமன் வந்து மால எடுத்துக் குடுத்தாத்தான் கல்யாணம், இல்லேன்னா இந்தப் பேச்சே வேணாம்னு. ஆக ஒங்க கையிலதான் இருக்கு. நான் கட்டாயப்படுத்தல. நீங்க ரோசக்காரரு. பிடிக்கலேன்னா ஒத்த வார்த்தையில சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

என்ன, அவனக் கூட்டியாரச் சொல்றீகளா? நம்மள மாதிரியேதான இருக்கான்னா? முகூர்த்தம் என்னைக்கின்னா கேக்குறீக?

சந்தோசம் மச்சான். ரொம்ப சந்தோசம். ஒரு சொம்பு தண்ணி குடுங்க.

இல்ல, ஒண்ணுமில்ல. பெத்த புள்ள மொகத்தப் பாத்து முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இந்த வட்டாரத்துலயே மொரட்டு ஆளு நீங்க, எடுத்த எடுப்புலயே முடியாதுன்னுருவீகன்னு நம்பித்தான் மச்சான் சிம்மக்கல்ல பஸ் ஏறுனேன்.