ஆஷ் தெருவுக்கு வாக்குச்சாவடியை மீட்டுத் தந்த வெர்லீன் டாக்ரி அம்மையாருக்கு

மிசிசிப்பி மாநிலம் பெல்மோர் நகர், ஆஷ் தெரு மக்கள் கூட்டுறவுக் கடையில் இருபத்தேழு ஆண்டுகள் மேலாளராக விளங்கி இன்று ஓய்வு பெறும் அம்மையீர்! அன்பில் கனிந்தவரே! அநீதி கண்டால் அனலாய்க் கொதிப்பவரே! கீரைக்கட்டு வாடியிருந்தால் எங்களை வாட்டி எடுப்பவரே! வணங்கி வாழ்த்தி இம்மடலை வாசிக்கிறோம்.

கறுப்பின மக்கள் வாழும் நம் தெருவில் இனி வியாபாரம் இல்லை என்று பெருங்கடை ஒன்று பூட்டிக்கொண்டு போனபோது, பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த தாங்கள், வீடு வீடாகப் படியேறி, நானூறு குடும்பங்களைப் பங்குதாரர்களாக்கி, அதே கட்டடத்தில் நமக்கே சொந்தமான கடையைத் திறந்தீர்கள். பின்னாளில் மீன் ஆலை வேலைக்கு வந்த மெக்சிகோ குடும்பங்கள் பங்கு கேட்டபோது முகம் சுளித்தவர்களில் நாங்களும் இருந்தோம். "நம்மள வெளியில நிக்க வச்சவங்ககிட்ட நாம கத்துக்கிட்டது இதுதானா?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி இன்றும் எங்கள் காதைச் சுடுகிறது.

ஆறாண்டுகளுக்கு முன், தேர்தலுக்கு ஐந்து வாரமே இருக்கையில், நம் தெரு வாக்குச்சாவடியை மூடி, பதினான்கு மைல் தொலைவில், பேருந்தே போகாத பண்ணைச் சாலைக்கு மாற்றப்போவதாக ஐவர் கொண்ட மாவட்ட நிர்வாகக் குழு அறிவித்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் குழுவின் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம் என்றார்கள். தாங்கள் கடையைப் பூட்டி, எங்களையும் தெருவையும் திரட்டிக்கொண்டு புறப்பட்டீர்கள். நூற்றுப் பதினொரு பேர் வரிசையில் நின்றோம். ஊன்றுகோலோடு வந்த எண்பத்தொன்பது வயது இசாயா பிக்கெட், "பதினாலு மைலு நான் எப்படி நடக்குறது தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்தார்.

இருபது பேர் பேசுவதற்குள் குழுத் தலைவர் சலித்துப்போனார். "ஏம்மா, எல்லாரும் ஒண்ணத்தானே சொல்றீங்க? ஒருத்தர் சொன்னா போதாதா?"

"அப்போ ஓட்டும் ஒருத்தர் போட்டா போதும்னு விட்டுரலாமா சார்?" என்றீர்கள்.

மன்றமே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. அந்தத் தெருவில் தகுதியான கட்டடமே இல்லை என்றார். "எங்க கடையோட பின்கூடம் இருக்கு. சக்கர நாற்காலி ஏற சரிவும் இருக்கு. நாளைக்கே வந்து அளந்து பாருங்க" என்றீர்கள். மூன்றே முக்கால் மணி நேரம் கேட்டவர்கள், மறுநாள் வந்து அளந்தார்கள். குழுவில் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்குக் கணக்கில் சாவடி நம் கடைக்கே வந்தது.

தேர்தலன்று எங்களை முறைவைத்து வாக்களிக்க அனுப்பிவிட்டு, தாங்கள் கல்லாவை விட்டு நகரவில்லை. வாக்களித்து வெளியே வந்த இசாயா, எவரும் கேளாமலே, "நடந்து வர பத்து நிமிஷந்தான் ஆச்சு, பத்தே நிமிஷம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தாங்கள் சட்டென்று திரும்பி, அடுக்கியிருந்த தக்காளி டப்பாக்களையே மீண்டும் அடுக்கத் தொடங்கினீர்கள். தங்கள் தோள் குலுங்கியதை நாங்கள் பார்த்தோம். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தோம்.

முழங்கால் வலி தீர்ந்து, கணவர் ஓடிஸோடு ஏரிக்கரையில் தூண்டில் போட்டு, நிறைநலத்தோடு நூறாண்டு நிலைத்து வாழ்க! அடுத்த செவ்வாய்க்கிழமை உறுப்பினர் கூட்டம். இம்முறை தாங்கள் மேலாளராக அல்ல, பங்குதாரராக, எங்கள் முதலாளிகளில் ஒருவராக வருவீர்கள். எங்களைத் திட்டுவதற்கு வசதியாக முன்வரிசையில் இடம் போட்டு வைத்திருக்கிறோம்.

பேரன்புடன்,
ஆஷ் தெரு மக்கள் கூட்டுறவுக் கடைப் பணியாளர்கள்