ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது

பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எண்ணை எதனாலாவது வகுத்துப் பார்ப்பேன். மத்திகிரியிலிருந்து கம்பெனிக்குப் போகும் இருபது நிமிடத்துக்கு வேறென்ன பொழுதுபோக்கு இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார்? இந்தச் சுடலைமுத்து ஒரு வம்புதும்புக்கும் போகாதவன் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள்: 720720. ஒன்று முதல் பதினாறு வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. அப்படிப்பட்ட எண்களில் இதுதான் மிகச் சிறியது. இருநூற்று நாற்பது காரணிகள். எனக்கு இதன்மேல் கொள்ளை ஆசை.

நான் சூப்பர்வைசராக இருக்கும் பிரஸ் ஷாப்பில், மெஷின் தகட்டை ஒருமுறை அடித்தால் கவுண்டரில் ஓர் எண் கூடும். தகட்டை வெட்டும் அச்சான டூலைக் கழற்றினால் கவுண்டரைப் பூஜ்யமாக்கிவிடுவார்கள். ஐந்து லட்சம் அடிக்குமேல் எந்த டூலும் தாங்கியதில்லை. இது ஒன்றுதான் தாங்கியது. பதினான்கு மாதம் காத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்குக் கவுண்டர் 720719 காட்டியது. பார்த்தால் பகா எண் மாதிரி இருக்கும், முப்பத்தொன்றால் வகுபட்டுவிடும். அந்த மாதிரி வேஷம் போடும் எண்கள் எனக்குப் பிடிக்காது. சரியாக அந்த எண்ணில் விமல்ராஜ் மெஷினை நிறுத்தினான். வேப்பனப்பள்ளிக்காரன், நான்கு வருடமாக என்னிடம் இருக்கும் நல்ல ஆபரேட்டர். டூலுக்குள் கையை விட்டுத் தடவினான்.

“கிராக் வுட்டுருக்குது சார். மெயின்டனன்ஸைக் கூப்புடுங்க, டூலை எறக்கிரலாம்.”

“ஒரே ஒரு அடி அடிச்சிட்டு எறக்குவோம்பா.”

“வேணாம் சார். செதறுனா யாரு மூஞ்சிலயாச்சும் அடிக்கும். நான் அடிக்க மாட்டேன்.”

கை உள்ளே இருந்தால் சென்சார் மெஷினை ஓட விடாது. அதை நம்பித்தான் எல்லோரும் கையை விடுகிறார்கள். அந்தச் சென்சாரை அணைக்கும் சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும்.

கையை எடு என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் எடுத்திருப்பான். எடுத்த கையோடு மெயின் சுவிட்சையும் அணைத்திருப்பான். சாவியைத் திருப்பினேன். பெடலை மிதித்தேன்.

720720. மனசு நிறைந்துவிட்டது. கூச்சல் அதிகமாக இருந்ததால் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை.

மூன்று விரல்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வருத்தம்தான். ஆனால் டூல் சிதறவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவன் தேவையில்லாமல் பயந்துவிட்டான்.

நேற்று அவன் மனைவி யுவஸ்ரீ இங்கே வந்தாள். “அவுரு உங்களுக்கு என்ன சார் பண்ணாரு?” என்று கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை என்று உண்மையைத்தான் சொன்னேன். கோபத்தில் செய்கிற ஆள் நான் இல்லை. ஏட்டையாவிடம் தாள் வாங்கி, பொறுமையாக வகுத்தே காட்டினேன். “அவனுக்கு இன்னும் ஏழு வெரல் இருக்கும்மா. ஏழாலயும் மீதியில்லாம வகுபடுது, பாரு” என்றேன்.

தாளைப் பார்க்காமலே அழுதாள். கணக்கு என்றால் சிலருக்கு அப்படித்தான் சார், சின்ன வயதிலிருந்தே பயம்.