கேரட் நல்லா வரும்னு சொன்ன மண்ணு

ஆறு கோழி வரைக்கும் வச்சுக்கலாம்மா, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சேவல்தான் ஆவாது. சேவல் கூவுச்சுன்னா அந்தக் கோடி வீட்டுக்காரி அன்னைக்கே நகராட்சி ஆபீசுக்கு ஃபோன் போட்டுருவா. ஆடா? இந்தத் தெருவுல விட மாட்டாங்க. கவுண்டியோட, அதான் இந்த மாவட்டத்தோட, தெக்குக் கோடியில வச்சிருக்காங்க, ஆனா அங்க மனை கெடைக்கிறது கஷ்டம்.

உக்காரு. படியிலயே உக்காரு, இப்பதான் கூட்டுனேன். என்னது, உங்க அரிசோனா வெயிலுக்கு இதெல்லாம் வெயிலேயில்லயா? சிரி, சிரி. ஏரிப்பக்கமிருந்து பனி வந்து கதவ அடைக்கும்போது சிரிக்கிறியான்னு பாப்போம். மே மாசம் பாதி தாண்டாம தக்காளி நாத்த வெளிய நட்டுறாத, ஒரே ராத்திரிப் பனியில கருகிரும். அப்பறம் ரக்கூன்னு ஒரு காட்டு மிருகம், ராத்திரியில கோழி திங்க வரும். கோழிக்கூட்டுக் கொக்கியெல்லாம் அதுக்கு ஒரு விஷயமே இல்ல, கையால தொறந்துட்டு உள்ள போயிரும். பூட்டுதான் போடணும்.

தப்பான எடம்னு சொல்ல மாட்டேம்மா. ஃபேக்டரிங்க மூடி, ஆளுங்க போயி, வீடுங்கள இடிச்சுட்டாங்களா, எங்க பாத்தாலும் காலி மனை. வேணும்ங்கிற அளவுக்குத் தண்ணி. காய் மிஞ்சுனா விக்கிறதுக்கு சனிக்கிழமைச் சந்தை. நகரத்துக்குள்ளயே வெதச்சுத் தின்னணும்னு ஆசப்படறவங்களுக்கு இதவிட நல்ல கவுண்டி தேடணும்.

ஏய், ஏய், குட்டி! தெருவத் தாண்ட விடாதம்மா, புடி. இந்தப் பக்கமே விளையாடட்டும். உம் பொண்ணு பேரு ஜூனிப்பரா? பேரு நல்லாருக்கு.

அந்தப் பலகைப் பெட்டிங்களா? என் கீரை பூரா அதுலதான். மண்ணு வெளியிலேருந்து வாங்கிக் கொட்டுனது. ஏன் தரையில போடலன்னா கேக்கிற? பரவால்லயே. எடம் பாக்க வர்ற அத்தன பேரும் தண்ணியக் கேப்பாங்க, வெயிலக் கேப்பாங்க, சட்டத்தக் கேப்பாங்க. இங்க முன்னாடி என்ன இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நானுங்கூடக் கேக்கல.

எதுத்தாப்புல நீ பாத்துட்டு வந்தியே, அந்த மனையில அப்ப ஒரு வீடு இருந்துச்சு. நானும் என் வீட்டுக்காரர் டெல்பர்ட்டும் வாடகைக்கு வந்தோம், எம்புள்ள ஓரின் அப்ப கைக்குழந்த. பின்னாடி அம்மாம்பெரிய தோட்டம். எடத்துக்காரரு பேரு கிளைட் ஹாவ்லிக். நல்ல சிரிப்பு, நல்ல சட்ட. இந்த மண்ணுல கேரட்டு சர்க்கரையா வரும் வெர்னா, பிடுங்கி அப்படியே புள்ள கையில குடு, கொஞ்சம் மண்ணு தின்னாத்தான் புள்ளைங்களுக்கு நல்லதுன்னாரு.

வந்துச்சும்மா. பொய் சொல்லக்கூடாது, கேரட்டு நல்லாத்தான் வந்துச்சு. கோழிங்க அந்த மண்ணக் கிளறும், முட்டையில மஞ்சக்கரு ஆரஞ்சு மாதிரி இருக்கும். ஓரின் பொழுதுக்கும் அந்த மண்ணுலதான். நாலு வார்த்த பேச ஆரம்பிச்ச புள்ள, ஒவ்வொண்ணா விட ஆரம்பிச்சான். அம்மாங்கிறதுதான் கடைசியாப் போச்சு. ரத்தத்த எடுத்துப் பாத்தா ஈயம்ங்கிறாங்க.

ஆமா, ஈயம். கிளைடோட அப்பா அங்க பட்டறை வச்சிருந்தாரு. பழைய கார் பேட்டரிய ஒடச்சு, ஈயத்த உருக்கி விக்கிற பட்டறை. அப்பறம் அத இடிச்சு, மேல கொஞ்சம் நல்ல மண்ணக் கொட்டி, வீட்டக் கட்டி, புல்லு போட்டு மூடிட்டாங்க.

உள்ள பாட்டு கேக்குதுல்ல, ஓரின்தான் போட்டுருக்கான். ஒரே பாட்டு, காலையிலேருந்து. ஆளு வாசக்கால் ஒசரம் இருப்பான், ஷூ லேஸ் நான்தான் கட்டி விடணும். கோவம் வந்தா சுவத்துல முட்டுவான். டெல்பர்ட்டால தாங்க முடியல, போயிட்டாரு. நான் எங்க போறது?

கோர்ட்டுக்குப் போனேன், போகாம? அப்ப டெல்பர்ட்டும் கூட இருந்தாரு. கிளைட் கூண்டுல நின்னு கண்ணத் தொடச்சுகிட்டாரும்மா. அது எங்கப்பா காலத்துச் சமாச்சாரம், எனக்கு ஒண்ணுமே தெரியாது, தெரிஞ்சா ஒரு கொழந்தய விடுவேனான்னாரு. அவருக்குத் தெரியும்னு காட்ட என்கிட்ட என்ன இருக்கு? அவரு வாயிலேருந்து வந்தாத்தான உண்டு. வெளிய வரும்போது டெல்பர்ட் கைய வேற குலுக்குனாரு.

அன்னைக்கே இந்த எதிர் வீட்டப் புடிச்சேன். அங்க அந்த வீடு இடிஞ்சு விழுந்துச்சு, மனைய விக்க முடியல கிளைடால. வாங்க வர்றவங்க கார் நிக்கிறதுக்குள்ள நான் டம்ளரோட இறங்கிருவேன். உனக்குக் குடுத்தேன்ல, அதே ஐஸ் டீதான். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன வாங்க விட்டதில்ல. வயித்தெரிச்சல்தான், இல்லன்னு சொல்லல. அதத் தின்னுதான் இத்தன வருஷம் இருக்கேன்.

என்னம்மா, மூஞ்சி இப்படிப் போயிருச்சு? டம்ளரக் கீழ வையி. அழாத.

நீ கிளைடோட மகள்னு எனக்குத் தெரியும். கார்லேருந்து எறங்கும்போதே தெரியும், அந்த மூக்கு வேற யாருக்கு இருக்கு? தாத்தா எடத்துல குடியேறி அப்பாவுக்கு ஆச்சரியம் குடுக்கலாம்னு வந்திருக்க, அதான? கேஸ் நடந்தப்ப நீ பள்ளிக்கூடத்துல இருந்திருப்ப, உன் காதுல போட்டிருக்க மாட்டாங்க. உன்மேல எனக்கு ஒண்ணுமில்ல.

தெரிஞ்சிருக்காதுங்கிறியா? சத்தியமா அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது? சரி. அப்ப ஃபோன் போடு. தாத்தா மனையில கூடாரம் போட்டுக் குடி வந்துட்டேன் அப்பா, ஜூனிப்பர் பின்னாடி பழைய தோட்டத்துல கேரட்டப் பிடுங்கி மண்ணோட தின்னுகிட்டிருக்கா அப்படின்னு சொல்லு. பொய்தான். உங்கப்பாமேல உனக்கு அவ்வளவு நம்பிக்கன்னா ஒரு பொய்யில என்ன ஆயிரும்? சந்தோசம்மா, நல்லாத் தின்னட்டும்னு அவரு சொல்லிட்டாரு வையி, நான் உன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கிறேன். நாளைக்கே வீட்டக் காலி பண்றேன்.

போடு. ஸ்பீக்கர்ல.

...

கேட்டியா? நீ இன்னும் சொல்லி முடிக்கல. தூக்கு, தூக்குங்கிறாரு. வாய்க்குள்ள வெரல விட்டுத் தோண்டுங்கிறாரு. ஆஸ்பத்திரிக்கு ஓடு, அது பட்டறை மண்ணுடி, வாடகைக்கு விட்டப்பவே எனக்குத் தெரியும்டின்னு கத்துறாரு. அழறாரும்மா. கோர்ட்டுல அழுத அழுக இல்ல இது.

கட் பண்ணாத. இப்படிக் குடு ஃபோன.

கிளைட்? பயப்படாதீங்க, உங்க பேத்தி என் மடியிலதான் இருக்கா, ஒண்ணும் தின்னல. நான் வெர்னா. ஓரினோட அம்மா.