வேறு கம்பெனி சிலிண்டர்

மாடிப்படியில் சிலிண்டர் தூக்குகிறவனுக்கு முதலில் போவது முழங்கால்தான். எல்லோரும் முதுகு என்று நினைக்கிறார்கள். என் பெயர் சாமிக்கண்ணு, ஐயா. ஊர் வடக்குத்து, வயது ஐம்பத்து மூன்று. நெய்வேலி டவுன்ஷிப்பில் பத்தொன்பது வருடமாக ஒரே கேஸ் ஏஜென்சிக்கு சிலிண்டர் போடுகிறேன். உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

சகாயம்மாளின் குவார்ட்டர்ஸ் இரண்டாவது மாடியில் இருக்கிறது. அவர் கணவர் அமிர்தநாதன் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட், ஷிப்ட் வேலை. மகள் ஷைனியைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் சிலிண்டரை வாசலில் வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. சமையலறை வரை கொண்டுபோய், மூடியைக் கழற்றி, உள்ளே கேஸ் கசியாமல் அடைக்கிற கறுப்பு ரப்பர் வாசர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பேன். கெட்டிருந்தால் மாற்றிப் போட என் சட்டைப் பையில் பத்துப் பன்னிரண்டு வாசர் எப்போதும் கிடக்கும். பிறகு ரெகுலேட்டரை மாட்டி, அடுப்பை நானே பற்றவைத்துக் காட்டுவேன். நெருப்பைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சகாயம்மாள் ரசீதில் கையெழுத்துப் போடுவார். என் லைனில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

போன தை மாதம், ஏஜென்சி பிடிக்கவில்லையென்றால் வேறு கம்பெனிக்கே மாறிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் மானேஜர் துரைராஜ் பேப்பரில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "எவன் இதுக்கெல்லாம் ஃபாரம் எழுதிக்கினு கிடக்கப் போறான்?" என்றார். சகாயம்மாள் எழுதினார். மாறுகிறவர்கள் பழைய சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டும். அதைக் கீழே இறக்கவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

காப்பி கொடுத்து உட்காரவைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நீங்க முட்டியப் பிடிச்சிக்கிட்டு ஏறி வர்றதப் பாத்து மனசு கேக்கல. அவரும் சொன்னாரு, பாவம், அந்த மனுசனுக்கு ஒரு வீடாவது குறையட்டும்னு. புதுக் கம்பெனி ஆளுக்கு வயசு கம்மி, ஏறிடுவாரு."

"பரவால்லம்மா, உங்க இஷ்டங்க" என்றேன். காலி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

அவர் அதோடு நிற்கவில்லை. ஜெபக் கூட்டத்தில் சொன்னார், பால் பூத்தில் சொன்னார். நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சித்திரை முடிவதற்குள் அந்த பிளாக்கில் பாதி வீடுகள் மாறிவிட்டன. ஆனிக்குள் மீதி வீடுகளும் பக்கத்து பிளாக்குகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொருவரும் என் முழங்காலைத்தான் காரணமாகச் சொன்னார்கள். யாராவது திட்டிவிட்டு மாறியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு வந்திருப்பேன். பாவப்பட்டு மாறுகிறவர்களை என்ன செய்வது? எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டில் சொல்லக்கூட வாய் வரவில்லை.

ஆடி பிறந்ததும் துரைராஜ் கூப்பிட்டார். "உன் லைன்ல வூடே இல்லையே சாமிக்கண்ணு. நான் இன்னா பண்ணட்டும்? இந்த மாசத்தோட நின்னுக்க" என்றார். எனக்கு வேறு வேலை தெரியாது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எந்த கான்ட்ராக்டரிடம் போய் நிற்பேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, அதே பிளாக்கில் கீழ்வீட்டுக் காந்திமதிக்கு சிலிண்டர் மாட்டிவிட்டு வெளியே வந்தேன். அவர் மட்டும் மாறவில்லை. மேலேயிருந்து சகாயம்மாள் குரல் கேட்டது.

"அண்ணே, ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போறீங்களா? அந்த ஆளு வாசல்லயே வெச்சிட்டுப் போயிட்டாரு. நானே மாட்டுனேன். ஏதோ நாத்தம் அடிக்கிற மாதிரி இருக்கு. இன்னும் அடுப்பே மூட்டல. நீங்க பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

ஏறிப் போனேன். ஆடிக் காற்றில் கரித்தூள் உள்ளே வருகிறதென்று ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார். ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். வாசரில் வெடிப்பு விட்டிருந்தது. என் பையில் புது வாசர் இருந்தது. மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் வேறு கம்பெனி சிலிண்டரில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் ஏஜென்சி ரூல். துரைராஜிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் அதைத்தான் சொல்வார். ரெகுலேட்டரை இருந்தபடியே மாட்டி, திறந்தும் வைத்தேன். அன்றைக்கு அடுப்பை நான் பற்றவைத்துக் காட்டவில்லை. எனக்குக் கோபம் இல்லை, ஐயா. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். இன்னொருத்தன் வாங்கின கையெழுத்துக்கு நான் எதற்கு வேலை செய்ய வேண்டும் என்று தோன்றியது.

கிளம்பும்போது பண்ருட்டிப் பலாச்சுளை நாலைந்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். வண்டியில் ஏறி இரண்டு சுளை தின்றிருப்பேன், சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தீக்காயத்தோடு சகாயம்மாள் போய்விட்டார். அதற்கு முன்னால் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதை நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "சாமிக்கண்ணு அண்ணன் சரியாத்தான் பாத்துட்டுப் போனாரு. அப்புறம் நான்தான் ஏதோ தப்புப் பண்ணியிருப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. புதுக் கம்பெனி ஆள் செல்வகுமாரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் மாடிவரை கொண்டுபோய் வைத்ததே பெரிது. அவனை விட்டுவிடுங்கள்.

மாறிப்போன வீடுகளில் பதினோரு பேர் பயந்துபோய் எங்கள் ஏஜென்சிக்கே திரும்பிவிட்டார்கள். துரைராஜ் என்னை வேலையை விட்டு நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்காக நான் இதைச் செய்யவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ரெகுலேட்டரை மாட்டி முடித்ததும், "பத்த வெக்கலாமாண்ணே?" என்று அவர் கேட்டார். நான் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பேசாமல் இறங்கிப் போய்விடத்தான் நினைத்தேன். மறுபடியும் கேட்டார். "தைரியமா பத்த வைங்கம்மா" என்றேன். இரண்டாவது தடவை அவர் கேட்காமல் இருந்திருந்தால், அந்த வீட்டில் பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.