இரண்டாவது மருந்து

மாத்திரை இடிப்பதைச் சில்லறை வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் வந்து இடித்துப் பார்க்கலாம், சார். கொஞ்சம் கரகரப்பாக இருந்தாலும் நோயாளிக்குப் போட்டிருக்கிற மூக்குக்குழாய் அடைத்துக்கொள்ளும். நான் இடித்துக் கரைத்தது இருபத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அடைத்ததில்லை.

மூளையைச் சுற்றிப் பூஞ்சை பிடித்தவர்கள் எங்கள் வார்டுக்குத்தான் வருவார்கள். முன்பெல்லாம் நரம்பில் ஏற்றுகிற மருந்து ஒன்றுதான். புதிதாக வந்த டாக்டரம்மா, அதோடு சேர்த்து ஆறு மணிக்கொருதரம் மாத்திரையும் கொடுக்கணும் என்றார். இரண்டும் சேர்ந்தால்தான் பூஞ்சை சீக்கிரம் சாகுமாம்.

"ஒரே மருந்துல எத்தனையோ பேர் பிழைச்சுப் போயிருக்காங்களே" என்றேன், எல்லாரும் இருந்த கூட்டத்தில்.

"பிழைச்சுப் போகாதவங்களை எண்ணினீங்களா அண்ணே?" என்றார். நர்சுகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வாயால் பேசிப் பயனில்லை, ஒரே மருந்து போதும் என்று செய்து காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். நினைவில்லாமல் கிடப்பவர்களுக்கு மாத்திரையைக் கரைத்துக் குழாயில்தான் விடணும். கரைத்துவிட்டால் எல்லாம் வெள்ளைத் தண்ணீர்தான். அந்தப் புது மாத்திரைக்குப் பதில் கால்சியம் மாத்திரையை இடித்தேன். கால்சியம் எலும்புக்கு நல்லதுதான். ராத்திரி வேளைக்கும் நானே கரைத்து வைத்துவிட்டுப் போவேன், நேரம் ஒரு நிமிஷம் தவறவில்லை.

முதல் ஆள் ஒரு பஸ் டிரைவர். பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து தலை சீவச் சீப்பு கேட்டார். என் மனசு குளிர்ந்துவிட்டது. அடுத்த நாலு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் முற்றிப்போய் வந்தவர்கள். அதை என் தலையில் கட்டக் கூடாது. இரண்டு மருந்து கொடுத்தும் போகிறார்களே என்று டாக்டரம்மா மண்டையைப் பிய்த்துக்கொண்டார். இன்னும் ஒன்றிரண்டு பேர் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.

ஆறாவதாக என் மச்சான் வந்தார், தங்கச்சி புருஷன். "நீ கரைச்சுக் குடுக்கறேன்னுதான் அண்ணா நான் தைரியமா இருக்கேன்" என்று தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அன்றைக்கு உண்மையான மாத்திரையைக் கையில் எடுக்கத்தான் செய்தேன். அப்புறம் டப்பாவிலேயே போட்டுவிட்டேன். மற்றவர்களுக்குக் கொடுக்காததை என் வீட்டு ஆளுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது?

பன்னிரண்டு நாள் கால்சியம்தான் கரைத்தேன். நேற்று காலை முடிந்துபோனார். எல்லாம் நான் செய்ததுதான் சார், எங்கே கையெழுத்துப் போடணுமோ போடுகிறேன்.

தங்கச்சி வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: அவள் அண்ணன் ஆள் பார்த்து மருந்து கொடுக்கிறவன் இல்லை.