நல்ல தண்ணீர்க் கிணறு

என் மூக்குக்கண்ணாடியைப் பஞ்சலிங்கம் அண்ணையின் கிணற்றுக்குள் விழுத்தியது நான்தான், ஐயா. தண்ணீரை ருசி பார்க்கிறேன் பேர்வழி என்று வாளியோடு சேர்ந்து குனிந்தால் கண்ணாடி சும்மா இருக்குமா? அவரே இறங்கி எடுத்துத் தந்தார்; தன் சாரத்தில் துடைத்தும் விட்டார். அப்படித்தான் பழக்கம்.

வாடகைக்கு அறை கட்ட இடம் தேடுகிறவர்கள் யாழ்ப்பாணக் கம்பஸ் எவ்வளவு தூரம், பலாலி ரோட்டுக்கு நடக்கலாமா என்று பார்ப்பார்கள். நான் தண்ணீரைப் பார்ப்பேன். தலைமுடி கொட்டாத தண்ணீர் என்றால் படிக்க வரும் பெண்பிள்ளைகள் நாலு வருடமும் அசையமாட்டார்கள். திருநெல்வேலி முழுக்க அலைந்து, அவருடைய பக்கத்துக் காணியை வாங்கினேன். என் மூளையைப் பாருங்கள்: வாங்கிய பிறகுதான் காணி உறுதிப் பத்திரத்தை ஒழுங்காக வாசித்தேன். கிணற்றில் எனக்குப் பங்கில்லை.

"அண்ணை, கிணத்திலை ஒரு பங்கு எழுதித் தருவியளோ?"

"பாப்பம் தம்பி."

ஒன்றரை வருடம் பாப்பம். தேத்தண்ணி தந்து, வடை தந்து, பாப்பம். நான் கோபக்காரன் இல்லை, ஐயா. கோழி உரித்தால்கூட மற்றப் பக்கம் திரும்பி நிற்பேன்.

ஆவணியில் அவர் கிணற்றை இறைத்து, அடியில் நின்று சேறு அள்ளினார். மேலே நின்று வாளி இழுத்தது நான், உதவிக்குத்தான். திரும்பவும் கேட்டேன். அண்ணாந்து சிரித்தார்.

"அதை ஆறுதலாப் பாப்பம்."

பக்கத்தில் கிடந்த இரும்பு அலவாங்கை உள்ளே விட்டேன். தோளில் இறங்கியது. பிறகு, கிணற்றுக் கட்டைத் திருத்த வைத்திருந்த கற்கள். ஐந்து தேவைப்பட்டன, என் குறி அவ்வளவு மோசம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மரியாதையாகவே கேட்டேன்: "இப்பவாவது சொல்லுங்கோ அண்ணை." நாலாவதுக்குப் பிறகு சொல்ல அவருக்கு வாய் இருக்கவில்லை. ஐந்தாவது இரக்கத்தில் போட்டது.

அதன் பிறகு ஒரே உறுத்தல். மனதுக்குள் ஓம் என்றுதான் வைத்திருந்தாரோ, நான்தான் அவசரப்பட்டேனோ? அதனால்தான் நானே பொலிசுக்குப் போனேன். அவர் மனைவி கமலாவதி அக்காவை ஒருமுறை கூப்பிடச் சொன்னேன்.

வந்தார். அழவில்லை.

"அக்கா, அண்ணை தாறதாத்தானே இருந்தவர்?"

"இல்லை," என்றார். "அந்தக் கிணறு மகளின்ரை சீதனத்திலை எப்பவோ எழுதியாச்சு. 'உவன் பாவம், ஏமாந்துபோய் நிக்கிறான். முகத்துக்கு நேர இல்லையெண்டால் தாங்கமாட்டான்' எண்டுதான் அந்த மனிசன் உனக்குச் சொல்லேல்லை."